தபால் முத்திரைதான் நடுவர்

கோல்பிரிட்ஜ்
வியாழன், 5 ஏப்ரல் 1984

துரோகி நெவில் டாஸ்கருக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பாய். கடற்கரைக் காற்று, வாரம் மூன்று நாள் மீன் வறுவல், கழுத்தில் அந்த ஊர் அணியின் நண்டு மஃப்ளர். ஆமாம், எல்லாம் தெரியும். எங்கள் அண்ணன் கிளைவ் பிஸ்கட் வண்டியில் சால்ட்மியருக்குச் சரக்கு இறக்க வந்தபோது உன்னை மைதான வாசலில் பார்த்திருக்கிறான். சிவப்பு மஃப்ளர், அதில் இரண்டு கொடுக்கு. "உன் கூட்டாளி நண்டாயிட்டான்டி" என்று வந்து சொன்னான். வாயில் இருந்த பட்டாணிக் கூழை விழுங்கவும் முடியவில்லை, அவன் மேல் துப்பவும் முடியவில்லை. அம்மா எதிரே இருந்தாள்.

ஏழு வயதிலிருந்து நம் டவுன் கால்பந்து அணியின் மைதானத்தில், கெட்டில் தொழிற்சாலைப் பக்கத்துப் படிக்கட்டில், மூன்றாவது இரும்புக் கம்பியில் நீயும் நானும் சாய்ந்து நின்றிருக்கிறோம். ஜனவரியில் உன் அம்மா அந்த ஜெரால்டைக் கல்யாணம் செய்துகொண்டு உன்னையும் கூடவே அள்ளிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து உன் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். யாராவது வந்து நின்றால், "முன்னாடி இங்க நின்னவனுக்கு அம்மை" என்பேன். உடனே நகர்ந்துவிடுவார்கள். நான் இங்கே உனக்காக ஊரெல்லாம் அம்மை பரப்பிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே கொடுக்கு முளைத்துத் திரிகிறாய்.

சரி, தொழிலுக்கு வருவோம். நண்டுக்கு மூளை சின்னது என்பதால் நம் கணிப்புப் பந்தயத்தின் விதிகளை மறுபடி சொல்கிறேன். வாரத்துக்கு ஆறு ஆட்டம், அதில் ஒன்று கட்டாயம் நம் டவுன் ஆட்டம். யாருக்கு வெற்றி, அல்லது சமன் என்று சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலைத் தபால் எடுப்பதற்குள் போட்டிருக்க வேண்டும். உறையின் மேல் விழும் தபால் முத்திரைதான் நடுவர். நடுவரை எதிர்த்துப் பேசக் கூடாது.

இந்த வாரத்திலிருந்து ஒரு புது விதி. சீசனின் கடைசி ஆட்டம், மே பன்னிரண்டு, டவுன் அணி உங்கள் ஊருக்கே வருகிறது. அதற்கு முந்தைய வாரத்தோடு நம் கணக்கை முடிப்போம். தோற்றவர் கடைசி ஆட்டத்துக்கு ஜெயித்தவரின் பக்கம் வந்து, ஜெயித்தவரின் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது நான்தான் முன்னால் இருக்கிறேன் என்பதை அடக்கத்துடன் நினைவுபடுத்துகிறேன்.

என் கணிப்பு: டவுன் தோற்கும். மற்ற ஐந்தும் பின்பக்கம். ஊர்ப் பெயரிலேயே கோல் இருக்கிறது, காலில்தான் இல்லை. போன வாரம் ஆறு கோல் வாங்கி ஆறிப்போன கெட்டிலாக வீடு திரும்பினோம். பட்டியலில் கீழிருந்து நான்காவது இடம். கடைசி நால்வரும் நான்காம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும் என்பது உனக்கு இன்னும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் முன்னாள் தோழி,
லார்னா ஆக்டன்


சால்ட்மியர்
திங்கள், 9 ஏப்ரல்

லார்னா,

துரோகி என்று உறையின் மேலும் எழுதியிருக்கிறாய். தபால்காரர் கதவைத் தட்டி, "துரோகி இருக்காரா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "மாடியில இருக்கான்" என்றாள்.

மஃப்ளர் விஷயம். என் பிறந்தநாளுக்கு ஜெரால்ட் கொடுத்தது. அவருக்குப் பொட்டலம் கட்டத் தெரியாது, செய்தித்தாளில் சுருட்டி, மேலே ஒரு பழைய ஷூ லேஸால் முடிச்சுப் போட்டிருந்தார். கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ஏதாவது வம்பு பண்ணியிருப்பாய், அது வேறு. நான் கட்டிக்கொண்டேன்.

அவர் வாரம் முழுக்கப் பேசமாட்டார். மர அறுவை ஆலையில் வேலை, காது பாதி மந்தம். சனிக்கிழமை மைதானத்துக்குப் போகும் வழியில் மட்டும் பேச ஆரம்பிப்பார். "நம்ம பசங்க இன்னிக்கு எப்படி ஆடுவாங்கன்னு நினைக்கிற?" என்று கேட்பார். அந்த 'நம்ம'வில் நானும் இருக்கிறேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். வாராவாரம் டவுன் தோற்கும் என்று எழுதுவது யார்? நீ. ஜெயிக்கும் என்று எழுதி, அதனாலேயே பின்தங்கி நிற்பது யார்? நான். இதில் யார் நண்டு?

உன் புது விதிக்குச் சம்மதம். சொல்லப்போனால் எனக்கு அது வசதிதான். நானாக வந்து எதிர்ப்பக்கம் நிற்கிறேன் என்று ஜெரால்டிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்றால் அவர் ஒன்றும் நினைக்கமாட்டார். பந்தயம்னா பந்தயம்தான் என்பார். அதனால் தண்டனை, தண்டனை என்று ரொம்பப் பயமுறுத்தாதே.

வரும் சனிக்கிழமை: டவுன் ஜெயிக்கும். பிரிம்லியும் ஹேவர்தோர்ப்பும் சமன். மற்றவை கீழே.

நெவில்


கோல்பிரிட்ஜ்
வியாழன், 12 ஏப்ரல்

அன்புள்ள நெவ்,

உன் குற்றச்சாட்டுக்குப் பதில். கோல்பிரிட்ஜில் பிறந்த யாரும் டவுன் ஜெயிக்கும் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். தோற்கும் என்று எழுதினால், தோற்றால் புள்ளி, ஜெயித்தால் சந்தோஷம். இரண்டில் ஒன்று நிச்சயம். இதற்குப் பெயர் பக்தி. நீ வாராவாரம் ஜெயிக்கும் என்று எழுதி, வாராவாரம் அவர்கள் தோற்கிறார்கள். பதினொரு பேர் காலையும் ஒரே பேனாவால் முடக்குகிறவன் நீ.

மஃப்ளர் விஷயத்தில் உன்னை மன்னித்துவிட்டேன். ஜெரால்ட் நல்ல மனிதர் என்றே தோன்றுகிறது. நல்லவர்களுக்கு நல்லது நடக்கும். இந்த வாரமே அவருக்குத் தபாலில் ஒரு நல்ல செய்தி வரக்கூடும் என்று என் உள்மனம் சொல்கிறது. என் உள்மனத்தின் கணிப்பு தவறியதில்லை.

டவுன் தோற்கும். மற்றவை பின்பக்கம்.

மிக மரியாதையுடன்,
லார்னா


சால்ட்மியர்
செவ்வாய், 17 ஏப்ரல்

லார்னா,

நீ மிக மரியாதையுடன் என்று எழுதியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஜெரால்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்தது. சால்ட்மியர் ரோவர்ஸ் ஆதரவாளர் குழு எழுதுவதாக இருந்தது. கடைசி ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றி நண்டு வேஷம் போட்டு ஆடும் பெருமைக்கு, நூற்றுக்கணக்கான இளைஞர்களில் இருந்து உங்கள் வளர்ப்பு மகன் நெவில் டாஸ்கர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். அவர் கால் வளைவு இதற்கென்றே படைக்கப்பட்டது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.

நிபுணர்கள்.

ஜெரால்ட் அதை மூன்று தடவை படித்தார். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உலகத்தில் வேறு எந்தப் பையனும் பார்க்கமாட்டான், நான் பார்ப்பேன், ஏனென்றால் வாராவாரம் உறையைத் திருப்பி முத்திரையைப் பார்க்கும்படி என்னைப் பழக்கியவளே நீதான். கோல்பிரிட்ஜ், வியாழன் மாலை என்று அழகாக விழுந்திருந்தது. நடுவரை நியமித்துவிட்டு நீயே அவர் முன்னால் காலை வாரியிருக்கிறாய்.

வேடிக்கை என்று அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஜெரால்ட் திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கிளப் அலுவலகத்துக்குப் போய்விட்டார், நன்றி சொல்ல. அங்கே செயலாளர் மிஸஸ் பார்ஜிட்டருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வழக்கமாக நண்டு வேஷம் போடுகிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம், யாரைப் பிடிப்பது என்று அவள் முழித்துக்கொண்டிருந்தாளாம். குழுவில் யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்து அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டாள். வேஷம் இப்போது என் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. மீன் வாடை அடிக்கிறது.

டவுன் பிழைப்பதா சாவதா என்று தெரியும் நாளில் நான் நண்டுக்குள் இருக்கப்போகிறேன். பந்தயத்தில் தோற்று உன் பக்கம் வருவேன் என்று இருந்தேன். இனி எப்படி வருவது?

இந்த வாரக் கணிப்பு கிடையாது. அடுத்த வாரத்துக்கும் கிடையாது.

நெவில்


கோல்பிரிட்ஜ்
வியாழன், 19 ஏப்ரல்

நெவ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன் என்பதை மறைக்கமாட்டேன். நிபுணர்கள் என்ற இடத்தில் நான் எழுதியதை நானே படித்துச் சிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் போட்ட கணக்கு இது. நண்டு வேஷம் என்றதும் நீ பயந்து, அந்த ஊர் மைதானமே வேண்டாம் என்று எங்கள் பக்கம் ஓடி வந்துவிடுவாய். ஜெரால்ட் அலுவலகத்துக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கடிதம் வந்தால் நன்றி சொல்ல நேரில் போகிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கடிதம் வந்தால் அப்பா அதை எரிக்க அடுப்பைப் பார்ப்பார்.

முத்திரையை மறந்ததற்குத் தனியாக வெட்கப்படுகிறேன். அது தொழில் அவமானம்.

நானே ஜெரால்டுக்கு எழுதிவிடட்டுமா? "ஐயா, கடிதம் எழுதியது நான்தான், உங்கள் மகனின் கால் நேராகத்தான் இருக்கிறது" என்று?

நம் ஆட்டத்தில் எதிராளி கணிப்பு அனுப்பாத வாரத்துக்குப் புள்ளி இல்லை என்று இப்போதே தீர்மானித்துவிட்டேன். நான் மூன்று புள்ளி முன்னால் இருக்கிறேன், அப்படியே நிற்கட்டும். ஆள் இல்லாத கோலில் பந்தைத் தள்ளி எனக்குப் பழக்கமில்லை. டவுனுக்கும் பழக்கமில்லை, அவர்கள் ஆள் இல்லாத கோலிலும் வெளியேதான் அடிப்பார்கள்.

லார்னா


கோல்பிரிட்ஜ்
வியாழன், 26 ஏப்ரல்

நெவ்,

பதில் இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்குத் தபால் ஓடவில்லை என்று நாலு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது தபால் ஓடுகிறது.

ஈஸ்டர் ஆட்டத்தில் டவுன் ஜெயித்தது உனக்குத் தெரிந்திருக்கும். ரெஜ் பார்ட்ரிட்ஜ் முழங்காலால் ஒரு கோல் போட்டார். எதற்கு அந்தக் கால் அங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் என் வலது பக்கம் திரும்பிக் கையை நீட்டினேன். அங்கே அம்மை மட்டும்தான் இருந்தது.

போன சனிக்கிழமை ஒரு சின்னப் பையன் அந்த இடத்தில் வந்து நின்றான். அவனை விரட்டவில்லை. மனசு வரவில்லை. பாதி ஆட்டத்தில் அவனாகவே தின்பண்டம் வாங்கப் போய்விட்டான்.

கணிப்பு அனுப்பாவிட்டாலும் சரி, ஒரு வரி எழுது. திட்டினாலும் சரி. நல்ல வார்த்தைகள் தட்டுப்பட்டால் உறைக்கு மேலேயே எழுது, எங்கள் தபால்காரர் சுவாரசியம் இல்லாமல் கஷ்டப்படுகிறார்.

லார்னா


சால்ட்மியர்
திங்கள், 30 ஏப்ரல்

லார்னா,

ஜெரால்டுக்கு எழுதாதே. சீசன் முடியும்வரை ஒரு வார்த்தை எழுதாதே.

ஏன் என்று சொல்கிறேன். அவர் காமிராவுக்குப் புது ஃபிலிம் வாங்கி வைத்திருக்கிறார். வேஷத்தில் ஒரு கண் தொங்கிக்கொண்டிருந்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊசி நூலோடு உட்கார்ந்து தைத்தார். மரம் அறுக்கிற கை, ஊசியில் நூல் கோக்கவே ரொம்ப நேரம் ஆனது. நான் கோத்துக் கொடுத்தேன். தைத்துக்கொண்டே, "எங்கப்பா என்னை இந்த மைதானத்துக்குள்ள கூட்டிட்டுப் போனதே இல்லடா" என்றார். உடனே மறு கண்ணையும் இழுத்துச் சரிபார்த்தார். அந்தக் கடிதம் பொய் என்று தெரிந்தால் அவர் முகம் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க முடியவில்லை. அதனால் நண்டாகிறேன். உனக்காக இல்லை, அவருக்காக.

உன் மேல் கோபம் குறைந்திருக்கிறது. தீரவில்லை.

இனி விஷயம் இப்படி இருக்கிறது. நீ ஜெயித்தால் நான் உன் பக்கம் வர வேண்டும், வர முடியாது. நான் ஜெயித்தால்தான் நீ இந்தப் பக்கம் வருவாய். நீ மூன்று முன்னால், பாக்கி இருப்பது ஒரே வாரம். கணக்குப் பார்த்தேன், நடக்காது. பரவாயில்லை. நீ உங்கள் ஆட்களோடு அந்தக் கோடியில் நில், நான் இந்தக் கோடியில் ஆடுகிறேன். கையாட்டினால் எந்தக் கொடுக்கு உனக்காக ஆடுகிறது என்று தெரியாது உனக்கு. வலது.

கணிப்பு: டவுன் ஜெயிக்கும். மற்ற ஐந்தும் மறுபக்கம், இந்தத் தடவை ஒழுங்காக யோசித்து எழுதியிருக்கிறேன்.

நெவில்


கோல்பிரிட்ஜ்
வியாழன், 3 மே

நெவ்,

இந்த வாரக் கடிதத்தில் பேச்சு கிடையாது. ஆழ்ந்த ஆராய்ச்சிக்குப் பின் என் கணிப்புகள்:

லிவர்பூல் ஒன்பது கோல் வித்தியாசத்தில் தோற்கும்.

பதினைந்து வாரமாக ஜெயிக்காத ஓல்ட்காஸ்டர், பட்டியலில் முதலில் இருப்பவர்களை அவர்கள் மைதானத்திலேயே ஊதித் தள்ளும்.

பிரிம்லி, ஹேவர்தோர்ப், விண்டில் மூவரும் தத்தம் ஆட்டத்தில் தோற்பார்கள். யாரோடு ஆடுகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

ஆறாவது, டவுன் ஆட்டம். இதை எழுத இரண்டு நாள் ஆனது. பேனாவை மூன்று தடவை மூடினேன். பேக்கரியில் என் முகத்தைப் பார்த்து மிஸ்டர் ஹாப்கின்சன், "என்னம்மா, வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இந்த ஊரில் பிறந்தவள் செய்யக் கூடாததைச் செய்யப் போகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அவர் எனக்கு ரொட்டி விற்பதை நிறுத்திவிடுவார்.

டவுன் ஜெயிக்கும்.

எழுதிவிட்டேன். இனி அவர்கள் இறங்கினால் பழி என் தலையில். வீட்டு வாசலில் கெட்டில் மூடியால் அடிப்பார்கள்.

லார்னா


சால்ட்மியர்
செவ்வாய், 8 மே

லார்னா,

சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் முடிவுகள் எழுத்து எழுத்தாக வரும்போது உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெரால்ட் பக்கத்தில். டவுன் என்று எழுத்து விழுந்து அப்புறம் இரண்டு என்று விழுந்தது, எதிரணிக்குப் பூஜ்யம். நான் எழுந்தே விட்டேன். ஜெரால்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். சோபாவில் ஸ்பிரிங் குத்துகிறது என்றேன். அவர் எழுந்துபோய் அந்த இடத்தை அமுக்கிப் பார்த்தார்.

என் ஆறில் ஐந்து சரி. உன் ஆறில் ஒன்றுதான் சரி, அதுவும் டவுன். ஒரே ஒரு புள்ளியில் நான் ஜெயித்துவிட்டேன். உன் முத்திரை வியாழன் மாலை, நடுவர் ஒப்புக்கொள்கிறார். லிவர்பூல் ஒன்பது கோலில் தோற்கும் என்று எழுதினாய். நான் அவ்வளவு முட்டாள் இல்லை லார்னா, நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். டவுன் வரியை எழுத உனக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும். கோபம் தீர்ந்துவிட்டது.

இனிச் சனிக்கிழமை சமன் செய்தால் போதும், டவுன் மூன்றாம் டிவிஷனில் தங்கிவிடும். தோற்றால் கீழே.

நீ சால்ட்மியர் கோலுக்குப் பின்னால் முதல் வரிசைக்கு வந்துவிடு. நண்டு மஃப்ளர் டிக்கெட் வாசலில் உன் பெயருக்கு இருக்கும். நான் சுவருக்கு இந்தப் பக்கம், புல்லில், உனக்குக் கை எட்டும் தூரத்தில் இருப்பேன். விதிப்படி நீ வாயைத் திறக்கக் கூடாது. வேஷத்துக்குள்ளிருந்து எனக்கு என் பூட்ஸும் அரை முழம் புல்லும்தான் தெரியும், அதனால் யாராவது தவறுதலாகப் பந்தை என் மேல் அடித்தால் மட்டும் சொல்.

இந்தக் கடைசி ஆட்டத்துக்கு யாரும் கணிப்பு எழுத வேண்டாம். எழுதினால் இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.

நெவில்


கோல்பிரிட்ஜ்
ஞாயிறு, 13 மே

நெவ்,

பேருந்து கிளம்பிவிடும் என்று கத்தினார்கள், உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தொண்டையும் போய்விட்டது, இன்று காலை அம்மாவிடம் சைகையில்தான் தேநீர் கேட்டேன். வீட்டில் எல்லோரும் இந்த அமைதியை ரசிக்கிறார்கள்.

நீ ஒன்றையும் பார்த்திருக்க மாட்டாய் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பாதியில் உங்கள் ஊர்க்காரர்கள் கோல் போட்டபோது நீ ஆடினாயே, அதை இழவு வீட்டில் கூட யாரும் ஆடமாட்டார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர், "நண்டுக்கு உடம்பு சரியில்ல போல" என்றார். நான் விதிப்படி வாயை மூடிக்கொண்டு, அந்த மஃப்ளரின் கொடுக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதில் இப்போது பல் தடம் இருக்கும்.

இரண்டாம் பாதியில் டவுன் நாம் நின்ற பக்கத்துக் கோலைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தது. கம்பத்தில் ஒன்று. கோல்கீப்பர் முகத்தில் ஒன்று. அந்தக் கோடியில் நம் ஆட்கள் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மூலையடி வந்தது. பத்து பேர் குதித்தார்கள், பார்ட்ரிட்ஜ் மட்டும் தாமதமாகக் குதித்தார், எல்லோரும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தார். காதில் பட்டு உள்ளே போனது. நெற்றி இல்லை, காது. எனக்கு முன்னால் பதினைந்து அடியில்.

மைதானத்தின் இந்தப் பக்கம் முழுக்கச் சத்தமே இல்லை. அந்தக் கோடியில் நம் ஆட்களுக்குப் பந்து உள்ளே போனது இன்னும் தெரியவில்லை. அப்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெரியவர் தொப்பியைக் கீழே போட்டுவிட்டார்.

அடுத்த விநாடி சால்ட்மியரின் நண்டு இரண்டு கொடுக்கையும் வானத்துக்குத் தூக்கிக் குதித்தது. சொந்த அணி கோல் வாங்கியதற்கு. குதித்து, தடுக்கி விழுந்து, எழுந்து, ஓடி வந்து சுவருக்கு மேலே என்னைக் கட்டிப்பிடித்தது. சுற்றிலும் எல்லோரும் நம்மையே திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார், அவரிலிருந்து அது வரிசை வரிசையாகப் பரவியது. உங்கள் அணிக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் சிரித்தார்கள். பிழைத்தோம், இரண்டு வகையிலும்.

போலீஸ்காரர் உன்னைப் பிரித்து எடுத்தபோது இடது கொடுக்கு என் கையோடு வந்துவிட்டது. பேருந்தில் அதைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே வந்தோம். இப்போது என் அலமாரி மேல் இருக்கிறது. வாடை உண்மைதான்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அரை முழம் புல் மட்டும் தெரிகிற உனக்குக் கோல் விழுந்தது எப்படித் தெரிந்தது? எந்த அணி போட்ட கோல் என்று எப்படித் தெரிந்தது?

அடுத்தது, ஜெரால்ட். நாற்காலி வரிசையில் காமிராவோடு நின்றவர் அவர்தானே, சாம்பல் நிறக் கோட்டு? நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது காமிராவைக் கீழே இறக்கிவிட்டார். முகம் சரியாகத் தெரியவில்லை. நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுதும்வரை எனக்கு டவுன் பிழைத்தது முழுசாக இனிக்காது.

லார்னா


சால்ட்மியர்
புதன், 16 மே

லார்னா,

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். கூட்டம் அமைதியானது, அதுவரை எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் நீ அலறினாய். ஒன்பது வருஷமாக என் காதுக்குப் பக்கத்தில் கேட்ட அலறல், அதில் எது கோல், எது கம்பத்தில் பட்டது, எது நடுவரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியாதா? பார்க்காமலே குதித்தேன்.

பார்ட்ரிட்ஜின் காது என்பதை உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தை நாலு தடவை படித்துவிட்டேன்.

இனி ஜெரால்ட். வேஷத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தால் அவர் காரில் உட்கார்ந்திருந்தார், வண்டியைக் கிளப்பவில்லை. நானும் ஏறி உட்கார்ந்தேன். மடியில் ஒற்றைக் கொடுக்கு நண்டு. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். டவுன்தான் என் அணி, எப்போதும் அதுதான் என்று சொன்னேன். மஃப்ளர் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் டவுன்தான் என்றேன். கடிதம் எழுதியது நீ என்பதையும் சொன்னேன். மன்னித்துக்கொள், இனி மறைக்க முடியவில்லை.

அவர் வண்டியைக் கிளப்பினார். கடற்கரைச் சாலை முழுக்க மெதுவாகவே ஓட்டினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுத் தெரு திரும்பும்போது, "அந்தப் பொண்ணு நல்லா டைப் அடிக்குது" என்றார். அவர் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது.

வாசலில் நிறுத்திவிட்டு இறங்கவில்லை. கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டு, "இத்தனை வாரமா ஏன்டா சொல்லல?" என்று கேட்டார். நீங்கள் நம்ம பசங்க, நம்ம பசங்க என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது என்றேன். அதுதான் உண்மை. எழுதும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது, இதை யாருக்கும் படித்துக் காட்டாதே. கிளைவுக்கு முக்கியமாக.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைக்கும் குச்சியை ஓடவிட்டார், மழையே இல்லை. அப்புறம் கேட்டார், கோல்பிரிட்ஜுக்கு வண்டியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று. ஆகஸ்டில் டவுன் மைதானத்தில் ஆட்டம் எப்போது தொடங்கும் என்று. அவரும் நானும் எந்தப் பக்கம் நிற்போம் என்று. கெட்டில் தொழிற்சாலைப் பக்கம் என்றேன், லார்னா இடம் பிடித்து வைப்பாள் என்றேன்.

"அங்க மேல கூரை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை, மழை வந்தால் நனைவோம் என்றேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் நல்ல மழைக் கோட்டா வாங்கணும்" என்றார்.

நெவில்